உட்கார்ந்து பார்த்தவர்கள்

(சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு இஞ்சினியரை மேடை ஏற்றினால் பாலத்தைப் பற்றிப் பேசுவான், இல்லாவிட்டால் வேலை வாய்ப்பைப் பற்றிப் பேசுவான் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நான் பேச வந்தது ஓவியர்களைப் பற்றி. அதிலும் தாளையும் பென்சிலையும் தூக்கிக்கொண்டு காடு மேடெல்லாம் அலைந்து, வெயிலில் உட்கார்ந்து, கண்ணெதிரே இருக்கும் நிலத்தை வரைந்தவர்களைப் பற்றி. "இதுக்கும் நமக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று பின் வரிசையில் யாரோ கேட்பது காதில் விழுகிறது. சம்பந்தம் இருக்குதுங்க. கடைசியில் சொல்கிறேன்.

வெளியே போய் வரைவது சுலபமான வேலை இல்லை. முதல் எதிரி சூரியன். காலை ஏழு மணிக்கு ஒரு பனைமரத்தின் நிழல் விழும் இடம் வேறு, ஒன்பது மணிக்கு வேறு. நீங்கள் வரைய ஆரம்பித்த மலை, வரைந்து முடிக்கும்போது வேறு மலையாகி நிற்கும். இரண்டாவது எதிரி காற்று. நம்ம ஊரில் அதைச் சொல்லவே வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. ஆடி மாதம் அதன் வழியே வரும் காற்று தாளோடு ஆளையும் தூக்கும். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது சும்மா இல்லை. மூன்றாவது சங்கடம் வர்ணம். எண்ணெய் வர்ணத்தை ஒரு காலத்தில் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டித்தான் எடுத்துப் போனார்களாம். 1841இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் பிதுக்கி எடுக்கும் தகரக் குழாய்க்குக் காப்புரிமை வாங்கினார். இன்று நாம் பல் துலக்கும் பேஸ்ட் வரும் குழாய்க்கு அதுதான் மூதாதை. அந்தச் சின்னக் குழாய் வந்த பிறகுதான் ஐரோப்பிய ஓவியர்கள் கூட்டம் கூட்டமாக வெளியே கிளம்பினார்கள். ஒரு கலையின் போக்கையே மாற்றியது ஒரு பொறியியல் சாமான் என்பதை இங்கே பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

அந்தக் குழாய்க்கும் முன்பே நம் பக்கம் வந்தவர்கள் உண்டு. தாமஸ் டேனியல், அவருடைய அண்ணன் மகன் வில்லியம் டேனியல். 1786இல் கல்கத்தாவில் வந்து இறங்கியபோது வில்லியமுக்குப் பதினாறு, பதினேழு வயதுதான். நம் முதலாண்டு மாணவர்களைவிடச் சின்னவர். வட இந்தியாவைச் சுற்றிவிட்டு 1792இல் சென்னையிலிருந்து தெற்கே கிளம்பினார்கள். மூன்றாம் மைசூர்ப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. திப்புவிடமிருந்து சேலம், பாராமகால் பகுதிகள் கும்பெனியார் கைக்கு வந்த வருடம் அது. ஓசூர், ராயக்கோட்டை என்று போர் நடந்த கோட்டைகளை வரைந்துகொண்டே போனார்கள். பிறகு திருச்சி மலைக்கோட்டை, மதுரை நாயக்கர் மகால், பாபநாசம் அருவி என்று நீண்டது அந்தப் பயணம்.

அவர்களிடம் ஒரு கருவி இருந்தது. இருட்டுப் பெட்டி, முன்னால் ஒரு லென்ஸ். வெளியே இருக்கும் காட்சி உள்ளே தாளின் மேல் விழும். அதன் கோடுகளைப் பென்சிலால் தொடர்ந்து இழுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்து திரும்பிய பிறகு அந்தச் சித்திரங்களைச் செப்புத் தகட்டில் ஏற்றி, 1795 முதல் 1808 வரை 144 படங்களாக வெளியிட்டார்கள். இருநூறு வருடங்களுக்கு முன்னால் நம் மலைகளும் கோட்டைகளும் எப்படி இருந்தன என்று இன்று நாம் தேடும்போது போய் நிற்கும் இடங்களில் அது முக்கியமானது. ஒன்றை மறைக்கக் கூடாது. அவர்கள் வழி சிப்பாய்கள் போன வழி. ஜெயித்த நிலம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டவர்களுக்காக வரைந்த படங்கள் அவை. படத்தில் மலை கம்பீரமாக இருக்கும். மலையடியில் இருக்கும் ஆள் எறும்பு அளவுக்குத்தான் இருப்பான்.

அடுத்தவர் எட்வர்ட் லியர். குழந்தைகளுக்கான வேடிக்கைப் பாட்டுகள் எழுதியவர் என்று ஆங்கிலப் பாடத்தில் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் அவருக்குத் தொழில் நிலக்காட்சி ஓவியம். 1846இல் விக்டோரியா மகாராணிக்கே ஓவியப் பாடம் எடுத்தவர். அவருடைய நண்பர் நார்த்புரூக் பிரபு இந்தியாவுக்கு வைசிராயாக வந்ததும், "வந்து வரைந்து கொடு" என்று அழைத்தார். 1873 நவம்பரில் பம்பாயில் வந்து இறங்கியபோது லியருக்கு 61 வயது. பார்வை மங்கல், தடித்த கண்ணாடி, போதாக்குறைக்கு வலிப்பு நோய். துணைக்கு ஜியோர்ஜியோ என்ற கிரேக்க வேலைக்காரர் ஒருவர். 1875 ஜனவரி வரை ரயில், மாட்டு வண்டி, பல்லக்கு என்று கிடைத்ததில் ஏறிச் சுற்றினார். 1874இல் மகாபலிபுரம், தஞ்சை, திருச்சி பார்த்து, நீலகிரி ஏறி, மலபார் இறங்கி, இலங்கை வரை போனார். நீலகிரி 1868 வரை நம் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். மலை ரயில் குன்னூருக்கு வந்ததே 1899இல்தான்.

லியர் வேலை செய்த முறையைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். இடத்தில் உட்கார்ந்து பென்சிலால் வேகமாக ஒரு வரைவு. அதே தாளில் தேதி, இடம், மணி, வரிசை எண். எந்த இடத்தில் என்ன நிறம் என்று படத்துக்குள்ளேயே எழுதிவிடுவார். பிறகு ஓய்வாக இருக்கும்போது பென்சில் கோட்டின் மேல் மை ஓட்டி, எழுதி வைத்த குறிப்பைப் பார்த்து மெல்லிய நீர்வர்ணம் பூசுவார். 1874 ஜனவரியில் டார்ஜிலிங்கில் எடுத்த வரைவுகளை வைத்துத்தான், பின்னால் இத்தாலியில் வீட்டிலிருந்தபடி காஞ்சன்ஜங்கா மலையைப் பெரிய எண்ணெய் ஓவியமாகத் தீட்டினார். சொல்லுங்கள், இது நம் சர்வேக் குறிப்பேடு இல்லாமல் வேறென்ன? தேதி, நேரம், நிலையம், அளவு, குறிப்பு. சிவில் படித்தவர்களுக்கு அந்தத் தாளைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

இவர்கள் எல்லாம் வெளியாட்கள். நம்மவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். இரண்டு பேரை மட்டும் சொல்கிறேன்.

கே.சி.எஸ். பணிக்கர் 1911இல் பிறந்தது நம் கோயமுத்தூரில். சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966இல் உருவாக்கியவர் என்று ஓவிய உலகம் அவரைக் கொண்டாடும். எழுத்தும் குறியீடும் கலந்த அவருடைய பிற்கால ஓவியங்கள்தான் பிரபலம். ஆனால் அவர் தொடங்கியது நிலக்காட்சியில். பன்னிரண்டு வயதிலேயே நிலக்காட்சி தீட்டினார். பதினேழு வயதில் சென்னைக் கண்காட்சியில் படம் வைத்தார். தந்தி இலாகாவில் வேலை பார்த்துவிட்டு, 1936இல்தான் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார்; பிற்பாடு அந்தப் பள்ளிக்கே முதல்வரானார். அவருடைய ஆரம்ப காலப் படங்களில் நிறங்கள் பளீரென்று இருக்கும். தென்னையும் தண்ணீரும் பசுமையுமாகக் கேரளத்து மண் அதில் வந்து நிற்கும்.

இன்னொருவர் சில்பி. இயற்பெயர் பி.எம். சீனிவாசன். 1919இல் நாமக்கல்லில் பிறந்தவர். ஓவியரும் கவிஞருமான நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளைதான், "நீ சென்னை ஓவியப் பள்ளிக்குப் போ" என்று அவரைத் தூண்டியவர். ஆனந்த விகடனில் 1940களின் பிற்பகுதியில் தொடங்கி, பத்து வருடங்களுக்கும் மேலாக 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற தொடருக்காக ஊர் ஊராகப் போய்க் கோயில் சிற்பங்களை நேரில் உட்கார்ந்து வரைந்தார். நம் வீடுகளில் பாட்டிமார் அந்தப் பக்கங்களைக் கிழித்து வைத்திருப்பார்கள். சிலர் பைண்டு பண்ணியே வைத்திருப்பார்கள்.

அப்போது காமிரா இல்லையா? இருந்தது. பிறகு எதற்கு ஒரு ஆளை அனுப்பி மணிக்கணக்கில் உட்கார வைத்தார்கள்? நான் யோசித்துப் பார்த்த பதில் இது. இருட்டு மண்டபத்தில், நூற்றாண்டு எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் படிந்த கருங்கல் தூணில், காமிராவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கறுப்புதான். உட்கார்ந்தவனின் கண் மெல்ல மெல்ல இருட்டுக்குப் பழகும். எது ஆபரணம், எது அழுக்கு, எது உடைசல், எது சிற்பி வேண்டுமென்றே விட்ட பள்ளம் என்று பிரித்துப் பார்க்கும். பென்சில் பிடித்தவன் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். காமிரா எதையும் முடிவு செய்யாது. எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும், ஒன்றையும் கேட்காது.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். இன்றைக்குத் தளம் பார்ப்பது என்றால் டிரோனை மேலே விடுகிறோம். அரை மணி நேரத்தில் ஊரே கம்ப்யூட்டரில் வந்துவிடுகிறது. நானும் அதைத்தான் செய்கிறேன். அதைக் குறை சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் காங்கேயம் பக்கம் சூரிய மின்சார நிலையம் ஒன்றுக்கான வேலை. நிலம் கொறங்காடு. கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். டிரோன் வேலை முடிந்து பையன்கள் சாப்பிடப் போன நேரத்தில், நான் ஒரு மர நிழலில் உட்கார்ந்து அந்த வேலியை வரைந்துகொண்டிருந்தேன். அரை மணி ஆகியிருக்கும். பக்கத்துக் காட்டுப் பெரியவர் ஒருவர் வந்து, "ஏனுங் தம்பி, என்ன எழுதறீங்க?" என்று எட்டிப் பார்த்தார். படத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு. "வேலிய நல்லாத்தான் போட்டிருக்கறீங்க. அதுக்கு அடியில ஒரு பள்ளம் ஓடுதுங்களே, அதைக் காணோமே? ஐப்பசி மழைக்கு அதுலதானுங்க தண்ணி குறுக்கால போகும்" என்றார். போய்ப் பார்த்தால், புல்லும் கிளுவையும் மூடி, மேலிருந்து பார்க்கும் எந்தக் கண்ணுக்கும் படாத ஒரு ஓடை. அங்கே குழாய்ப் பாலம் ஒன்றைத் திட்டத்தில் சேர்த்தோம். அந்த வருடம் ஐப்பசி மழைத் தண்ணீர் அதன் வழியாகத்தான் போனது.

டிரோனை வைத்துக்கொண்டு நின்றபோது எங்கள் பக்கமே வராத மனிதர், நான் உட்கார்ந்ததும் வந்தார். உட்கார்ந்திருப்பவனிடம்தான் ஊர் பேசும். அதுதான் நான் முதலில் சொன்ன சம்பந்தம்.

இன்னொரு சம்பந்தமும் உண்டு. நிலத்தை மாற்றுபவர்கள் நாம்தான். 1932-33இல் பைக்காரா மின்சாரம் வந்தது. நம் ஆலைகளும் ஓடின, கிணற்றில் மோட்டாரும் ஓடியது. நல்லதுதான், நம்மில் பாதிப் பேர் படித்தது அந்த மோட்டார் இறைத்த தண்ணீரில்தான். ஆனால் மாடு பூட்டிக் கவலை இறைத்த கிணறுகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, இன்று கிணற்று மேட்டில் அந்தக் கல் மட்டும் நிற்கிறது. அது எதற்கென்று கேட்டால் நம் முதலாண்டுப் பையன்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வெள்ளியங்கிரியில் பிறந்து காவிரியில் சேரும் நொய்யலும், அதன் குளங்களும், சாயத் தண்ணீர் வழக்குகளும் எல்லாருக்கும் தெரிந்த கதை. நாம் மாற்றுகிறோம் என்றால், மாற்றுவதற்கு முன்னால் ஒரு தரம் உட்கார்ந்து பார்த்துவிட்டாவது மாற்ற வேண்டாமா?

டேனியல்கள் கோட்டையைப் பார்த்தார்கள். லியர் மலையையும் மரத்தையும் பார்த்தார். நம் ஊரில் பிறந்த பணிக்கருக்குக் கேரளத்து நீர்நிலை வாய்த்தது, சில்பிக்குக் கோயில் வாய்த்தது. கொறங்காடும், கிளுவை வேலியும், கவலைக் கல்லும், காங்கேயம் மாடு நிற்கும் பட்டியும் யாருக்கு வாய்க்கப் போகிறது? அதை யாரோ ஒரு பெரிய ஓவியர் வந்து செய்யட்டும் என்று காத்திருக்க நேரமில்லை. நாம் செய்யலாம்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் சின்னது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விருப்பமுள்ள மாணவர்கள் இருபது பேர், ஒரு டவுன் பஸ், ஆளுக்கு ஒரு நோட்டு, ஒரு பென்சில். ஒரு குளத்தங்கரையிலோ வாய்க்கால் மேட்டிலோ ஒரு மணி நேரம். படம் அழகாக வர வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. ஆனால் லியர் மாதிரி தேதி, மணி, இடம், நிறம் நாலும் எழுத வேண்டும். நமக்காக ஐந்தாவது ஒன்று சேர்த்துக்கொள்வோம்: அங்கே வந்து பேசியவர் சொன்ன ஒரு செய்தி. அந்த நோட்டுகள் நம் நூலகத்தில் ஒரு அலமாரியில் இருக்கட்டும். பஸ் செலவும் நோட்டுச் செலவும் எங்கள் செட் ஏற்றுக்கொள்கிறது. தோழர்களிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

தம்பி தங்கைகளே, "எனக்கு வரைய வராதே" என்று சொல்லாதீர்கள். முதல் செமஸ்டரில் இஞ்சினியரிங் டிராயிங் பாஸ் பண்ணியவர்களுக்கு வராதது ஒன்றுமில்லை. முதல் மாதம் மரம் துடைப்பம் மாதிரி இருக்கும். ஆறாவது மாதம் அது வேம்பா, வெள்வேலமா என்று பார்ப்பவருக்குத் தெரியும். அதற்குள் அந்த மரத்தடியில் யார் உட்காருவார்கள், அந்த வழியாக எந்தத் தண்ணீர் போகும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பின்னால் அந்த இடத்தில் ரோடு போடும் வேலை உங்கள் கைக்கே வரலாம்.

 முதல் ஞாயிறு எது என்பதைச் சாப்பாட்டுக்குப் பிறகு செயலாளர் அண்ணனிடம் கேட்டு முடிவு செய்துவிடலாமுங்க.