வேலை முடியும் நாள்

ஒரு வேலை என்று முடியும் என வினவினால், நாம் பெரும்பாலும் நம் விருப்பத்தையே விடையாகக் கூறிவிடுகிறோம்.

ஆஸ்திரேலியாவில், சிட்னித் துறைமுகத்தின் கரையில் நிற்கும் இசை நாடக அரங்கின் வரலாற்றைக் கேளுங்கள். 1959-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வேலை தொடங்கிற்று. 1963 ஜனவரி 26-ஆம் நாள் முடியும் என்றனர். திறப்பு விழா நிகழ்ந்ததோ 1973 அக்டோபர் 20-ஆம் நாள்! 70 இலட்சம் டாலர் என்ற மதிப்பீடும் 10 கோடியே 20 இலட்சமாக வளர்ந்துவிட்டது.

காரணம் யாது? காற்றில் புடைத்த பாய்களை ஒத்த அக்கூரையைக் கட்டும் முறை முடிவாகுமுன்பே அடித்தளத்தை எழுப்பத் தொடங்கிவிட்டனர். கூரையின் வளைவுகள் அனைத்தையும் ஒரே கோளத்தின் பகுதிகளாக அமைக்கலாம் என்ற வழி 1961-இல்தான் புலப்பட்டது. முன்னரே நிறுத்திய தூண்கள் கூரையின் பாரத்தைத் தாங்கா எனக் கண்டு, அவற்றை மீண்டும் கட்ட நேர்ந்தது.

நானும் என் ஆய்வேட்டை ஒரு மாதத்தில் முடிப்பதாகக் கூறி, மூன்று மாதம் கழித்தே முடித்தவன். எழுதும் நாள்களை எண்ணினேன். திருத்தும் நாள்களை எண்ணவில்லை.

ஆகவே, நாள் குறிக்குமுன் இரண்டு கேள்விகளை எழுப்புங்கள். இவ்வேலையில் இன்னும் விளங்காதது எது? இதைப் போன்ற வேலைகள் முன்பு எத்தனை நாள் பிடித்தன? நாம் சொல்லும் நாளை நம்பியே பிறர் தம் வேலைகளை வகுத்துக்கொள்கின்றனர் என்பதை மறவாதீர்கள்.