நெய்தல் நிலத்தின் அம்பாப் பாட்டு
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூட்டேரிப்பட்டில் கடல் இல்லை. ஆயினும் மாசி மகத்தன்று மயிலத்து முருகன் புதுவை வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகின்றான். இவ்வூர்ச் செம்மண்ணுக்கும் அவ்வூர் உப்புக் காற்றுக்கும் உறவு பழையது. சிறுபாணாற்றுப்படை அதற்குச் சான்று. நல்லியக்கோடனின் கிடங்கில் இன்று திண்டிவனத்துள் அடங்கிய பகுதி. அவனது எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பர் அறிஞர் பலர். அவனைப் பாடி வந்த பாணர்க்கு, அப்பட்டினத்துப் பரதவர் சுட்ட குழல்மீனும் தேறலும் தந்து விருந்தோம்பினர் என்கிறது அந்நூல்.

அப்பரதவர் மரபில் சோழமண்டலக் கரையில் வாழ்வோர் பட்டினவர். கட்டுமரம் தள்ளும்போதும், துடுப்பு வலிக்கும்போதும், கரைவலை இழுக்கும்போதும் அவர்கள் பாடியதே அம்பாப் பாட்டு. ஈழத்துக் கடற்கரைகளிலும் இதற்கு அதுவே பெயர். தோணியைக் குறிக்கும் ‘அம்பி’ என்னும் பழஞ்சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது என்பாரும் உண்டு. ‘ஏலேலோ’ என்னும் ஒலிக்கோ, வள்ளுவரின் நண்பராகக் கூறப்படும் ஏலேலசிங்கர் என்னும் வணிகரின் பெயரையே மூலமாகக் காட்டுகிறது மக்கள் வழக்கு.

இப்பாட்டின் இலக்கணம் நூலில் இல்லை, கயிற்றில் இருக்கிறது. கரைவலையின் ஒரு கயிற்று முனையைக் கரையில் விட்டுத் தோணி கடலுக்குள் செல்லும். வலையை அரைவட்டமாக வளைத்து இறக்கி, மறுமுனையோடு கரை சேரும். இரு கயிறுகளையும் இரு குழுவினர் இழுப்பர். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர் ஏற்றுப் பாடுவர். ஏற்றுப் பாடும் அந்த நொடியில்தான் அத்தனை கைகளும் ஒருசேர வலிக்கும். தொடக்கத்தில் நெடிதாய் நடக்கும் தாளம், மீன் நிறைந்த மடி கரையை நெருங்க நெருங்க விரையும். எங்கே சீர் முடிய வேண்டும் என்பதை வலிக்கும் மூச்சு முடிவு செய்யும்.

அடியெடுப்பவன் மனப்பாடம் ஒப்பிப்பவன் அல்லன். தெய்வத்தை வேண்டுவான், அடுத்த அடியில் சோம்பி நிற்பவனைக் கேலி செய்வான், அதற்கடுத்த அடியில் வீட்டு அடுப்பை நினைப்பான். சிரிப்பும் அச்சமும் பசியும் ஒரே தாளத்தில் அடங்கும்.

கி.வா.ஜ. 1958இல் பதிப்பித்த ‘மலையருவி’யும், நா. வானமாமலை 1964இல் வெளியிட்ட ‘தமிழர் நாட்டுப் பாடல்க’ளும் ஏட்டில் ஏறாத பாட்டுக்கு அச்சில் இடம் தந்தன. அப்பணி பெரிது. ஆனால் தொழிற்பாட்டை அச்சிடும்போது சொற்கள் நிற்கின்றன, கயிறு விடுபடுகிறது. ‘ஏலேலோ’ தாளில் பொருளற்ற அசை. கரையிலோ அதுவே பொருள், மற்றவை நிரப்பு.

இன்று படகில் இயந்திரம் ஒலிக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் கரையெங்கும் பெருகின, கட்டுமரங்கள் அருகின. ஈழத்துக் கரைவலைப் பாடுகள் சிலவற்றில் உழவு இயந்திரமே வலையை இழுக்கலாயிற்று. இயந்திரத்துக்குப் பாட்டு வேண்டியதில்லை. இதற்காக மீனவரைக் குறை கூறுதல் தகாது. உள்ளங்கை கிழியக் கயிறு வலித்தவனிடம், பாட்டு அழியாதிருக்க மீண்டும் வலி என்று சொல்ல யாருக்கு உரிமை உண்டு? தோளின் சுமை குறைந்தது நன்றே. சுமையோடு பாட்டும் இறங்கிவிட்டது என்பதே துயரம்.

எனவே கவிஞர் செய்ய வேண்டியது புலம்பல் அன்று. கானல்வரியைப் போற்றும் புலவர்கள் மரக்காணம் செல்ல வேண்டும். வலை இழுத்த முதியோர் அருகில் அமர வேண்டும். சொற்களை மட்டும் எழுதாமல், எந்த அடியில் கை வலித்தது, எங்கே மூச்சு வாங்கியது, யாரைக் கண்டு கேலி பிறந்தது என்பவற்றையும் கேட்டுக் குறிக்க வேண்டும். குரலை ஒலிப்பதிவு செய்து, அதன் படியை அவர்தம் பேரப்பிள்ளைகளிடமே முதலில் கொடுக்க வேண்டும்.

அன்று பாடி வந்தவர்க்குப் பரதவர் மீன் படைத்தனர். அந்த விருந்துக் கடன் இன்னும் தீரவில்லை. இன்று பாட்டு அவர்களிடம் இருக்கிறது. கேட்கும் செவியைக் கொண்டு செல்வது புலவர் கடன்.