கட்டடத் தொழிற் கல்வியும் நமது கடமையும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



நமது கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பள்ளிக் கல்வியைப் பற்றியே மிகுதியும் பேசி வந்துள்ளது. இன்று கட்டடத் தொழிற் கல்வியைக் குறித்துச் சில சொல்ல விழைகின்றோம். "கல்லும் மண்ணும் சுமப்பதிலிருந்து விடுபடத்தானே படிக்கச் சொன்னீர்கள்? மீண்டும் அங்கேயே அனுப்புகிறீர்களா?" என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். எவரையும் ஒரு தொழிலோடு கட்டிவைப்பது நமது நோக்கமன்று. மருத்துவராகவோ பொறியாளராகவோ விரும்புவோர் அவ்வழியே செல்லட்டும். ஆனால், இன்றும் சாரத்தின் கீழ் நிற்கும் நம்மவரை நாம் மறத்தல் தகுமா?

உழைப்பவரையே மேல், கீழ் என அடுக்கிவைப்பது சாதி என்பதை 1936இல் அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். அவ்வடுக்கு கட்டட வேலையிலும் உண்டு. மேஸ்திரி தம் உறவினருக்கும் ஊராருக்குமே முதலில் கரண்டியைக் கொடுக்கிறார். நம் தாய்மார்களோ சித்தாளாகத் தொடங்கிச் சித்தாளாகவே முதுமை எய்துகின்றனர். முப்பது ஆண்டுகள் கலவை சுமந்தவருக்கு அதன் பதம் தெரியாதா? தெரியும். கரண்டியைக் கையில் கொடுப்பார்தாம் இல்லை.

ஆகவே, ஆட்களைச் சேர்ப்பதை மேஸ்திரியிடம் மட்டும் விட்டுவிடலாகாது. அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்கள் உள்ளன. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தில், பட்டியல் இனத்தார்க்கும் பழங்குடியினர்க்கும் பயிற்சி இடங்களை ஒதுக்க 1973இல் வகை செய்யப்பட்டது. இச்செய்தி நம் தெருக்களுக்கு எட்டவேண்டும்.

கைப்பழக்கம் மட்டும் போதாது. காரணமும் அறிதல் வேண்டும். மூலை எடுக்கக் கொத்தனார் ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்க்கிறார். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றமே அது! சாதாரண போர்ட்லண்டு சிமெண்டு இட்ட கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாட்களும், சாம்பல் கலந்த சிமெண்டு என்றால் குறைந்தது 10 நாட்களும் நீர் விட்டு ஈரமாக வைத்திருக்கவேண்டும் என்பது இந்தியத் தர விதி. இதனை அறிந்தவர் பொறியாளரிடம் தலைநிமிர்ந்து பேசுவார். வரைபடம் படிக்கவும் அளவு கணக்கிடவும் கற்றவர் நாளை தாமே ஒப்பந்தம் எடுப்பார்.

தொழில் கற்றவரும் நிலைப்பதில்லையே, ஏன்? கூலி பாக்கி, சாரத்திலிருந்து விழும் அச்சம், உயர்வின்மை ஆகியவையே காரணம். நம்முள் ஒப்பந்தக்காரராக உயர்ந்தோரும் இக்குறைகளுக்கு விலக்கல்லர். அவர்களுக்கு நமது வேண்டுகோள் இது: சனிக்கிழமைக் கூலியைச் சனிக்கிழமையே கொடுங்கள், தலைக்கவசமும் இடைவாரும் வழங்குங்கள், சித்தாளாய் நிற்கும் சகோதரிக்குப் பூச்சு வேலை கற்றுக்கொடுத்து, கொத்தனார் கூலியையே அளியுங்கள். பிறர் நமக்குச் செய்ததை நாம் நம்மவர்க்குச் செய்யலாமா?

தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994இல் அமைந்தது. மத்தியச் சட்டம் 1996இல் வந்தது. உறுப்பினரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும் உண்டு. பதிவு செய்யாதவர்க்கு இவை கிட்டா.

இவ்வெள்ளி விழா ஆண்டில் மூன்று பணிகளை மேற்கொள்வோம். தெருவுக்கு இருவரைப் பயிற்சிக்கு அனுப்புவோம்; அவருள் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். ஞாயிறுதோறும் சங்கக் கட்டடத்தில் வரைபட வகுப்பு நடத்துவோம். தகுதியுள்ள அனைவரையும் வாரியத்தில் பதிவு செய்விப்போம்.

ஊருக்கெல்லாம் வீடு கட்டிய கைகள் தம் வாழ்வையும் கட்டி எழுப்பட்டும்.