மெட்டு நிற்கும், விரிப்பு மாறும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குக் காலை ஷிஃப்ட் போகிறவர்களே, இன்று ஜப்பான் சங்கதி ஒன்று.

1998-ல் ரஜினியின் ‘முத்து’ ஜப்பானில் ஓடியது. அதே ஆண்டு அங்கே ‘கௌபாய் பீபாப்’ என்ற கார்ட்டூன் தொடர் வந்தது. இசை, யோகோ கன்னோ என்ற பெண்மணி. தொடக்க இசையின் பெயர் ‘டேங்க்’. முழுக்க ஜாஸ். சாக்ஸபோன் என்னமாய்த் துள்ளும்!

அதை எத்தனையோ குழுக்கள் திரும்ப வாசிக்கின்றன. ஒன்றுபோல் ஒன்று இருக்காது. மெட்டு அதேதான். நடுவில் வாசிப்பவர் தன் கற்பனையை விரிப்பார். நம் திருவிழா நாதஸ்வரக்காரர் ஒரே ராகத்தைத் தினம் ஒரு விதமாய் வாசிப்பாரே, அப்படி. மெட்டு நிற்கும், விரிப்பு மாறும். எனக்கு ஜாஸில் பிடித்ததே இதுதான்.

நம் ரஹ்மானும் 1997-ல் ‘இருவர்’ படத்துக்கு ஜாஸ் போட்டார். ‘ஹலோ மிஸ்டர் எதிர்க்கட்சி’. ஷிஃப்ட் முடிந்ததும் இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.