பனிநாட்டுப் பயணம்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நம் தந்தையர் தகரப்பெட்டியும் படுக்கைச் சுருளுமாக இக்காலனிக்கு வந்து இறங்கியவர்கள். இன்று நம் பிள்ளைகள் சுவீடன் நாட்டுக்குப் பெட்டி கட்டுகிறார்கள். வேலை உத்தரவு வந்த வீட்டில் முதலில் எழும் கேள்வி, கம்பளி எத்தனை வாங்குவது என்பதே. கேள்வி தவறன்று, சிறியது.

ஆகவே குளிரை முதலில் முடித்துவிடுவோம். சனவரியில் ஸ்டாக்ஹோமில் வெப்பநிலை பெரும்பாலும் சுழிக்குச் சற்றுக் கீழே நிற்கும். வடக்கே கிருனாவில் சுழிக்குக் கீழ் 20, 30 என இறங்கும் நாள்களும் உண்டு. ஆயினும் வீட்டினுள் வெந்நீர்க் குழாய்களின் சூட்டில் 20 டிகிரி இருக்கும். நம் குவார்ட்டர்ஸில் மங்கி குல்லாயோடு உறங்குகிறோமே, அந்த நடுக்கம் அங்கில்லை. வெளியே செல்ல, உடலை ஒட்டி மெல்லிய கம்பளியாடை வேண்டும். பருத்தி வியர்வையை ஈர்த்து உடலைக் குளிரச் செய்யும். கனத்த மேலங்கியை இங்கிருந்து சுமக்க வேண்டா, அங்கே வாங்குக.

குளிரினும் கொடியது இருள். டிசம்பரில் ஸ்டாக்ஹோமின் பகல் 6 மணி நேரமே; பிற்பகல் 3 மணிக்கெல்லாம் கதிரவன் மறைந்துவிடுவான். கிருனாவிலோ சில வாரங்கள் உதிப்பதே இல்லை. (அவ்விருளிலும் இரும்புத்தாது ஏற்றிய வண்டிகள் நார்வேயின் நார்விக் துறைமுகத்துக்கு ஓடுகின்றன. இரயில்வேக்காரர் இதைச் சொல்லாமல் விடலாமா?) வைட்டமின் டி பற்றி மருத்துவரைக் கேட்டுச் செல்லுங்கள். மகன் அலுவலகம் போனபின் மொழியறியாத மருமகள் அவ்விருளில் தனித்திருப்பாளே, அவளுக்காகவே சொல்கிறோம்: புதிதாகக் குடியேறியவர்க்கு நகராட்சிகள் கட்டணமின்றிச் சுவீடிஷ் கற்பிக்கின்றன. முதல் மாதமே சேர்ந்துவிட வேண்டும்.

ஓராண்டேனும் தங்குவோர் வரித்துறையில் பதிந்து தனி எண் பெறுவர்; அவ்வெண்ணின்றி வங்கிக் கணக்குத் திறப்பதும் கடினம். திருமண, பிறப்புச் சான்றுகளில் நம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை பெற்றுச் செல்வது நலம். நம்மவர்க்குப் பெயரே ஒரு தொல்லை. தலைப்பெழுத்தை விரித்தால் கணவனுக்கு ஒரு குடும்பப் பெயர், மனைவிக்கு வேறு, குழந்தைக்கு மூன்றாவது! எல்லாத் தாள்களிலும் எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இங்கேயே பாருங்கள்.

தாய்மார்கள் பொறுத்தருள்க: நெய் டப்பாவுக்கு அங்கே அனுமதி இல்லை, பால்பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகலாகாது. பச்சைக் கறிவேப்பிலைக்கும் பயிர்நலச் சான்று வேண்டும். தேங்காய்க்குத் தடையில்லை!

இனிக் குழந்தைகள். பிள்ளைகளை அடிப்பதைப் பெற்றோர்க்கும் தடைசெய்து 1979இல் சட்டம் இயற்றிய நாடு அது. நம் வீடுகளில் ஓங்கும் கை அங்கே ஓங்கலாகாது. விமானம் ஏறுமுன்னரே அப்பழக்கத்தை விடுக.

அந்நாட்டுப் பள்ளிகளில் தாய்மொழிப் பாடம் உண்டு. ஒரு நகராட்சியில் ஒரே மொழியை விரும்பும் மாணவர் 5 பேர் இருந்து, தக்க ஆசிரியரும் கிடைத்தால், அம்மொழியைக் கற்பிக்க நகராட்சி கடமைப்பட்டது. தமிழுக்கும் அதே விதி. ஆனால் நிபந்தனை ஒன்று: குழந்தை அம்மொழியை வீட்டில் நாள்தோறும் பேச வேண்டும், அடிப்படை அறிவும் பெற்றிருக்க வேண்டும். நம் பேரப்பிள்ளைகளோ "பாட்டி, பானி தோ" என்கிறார்கள். நாமும் மகிழ்ந்து நீர் கொடுக்கிறோம்! ஸ்டாக்ஹோமில் 5 தமிழ்க் குழந்தைகள் கிடைப்பது அரிதன்று. தமிழ் பேசும் குழந்தைகள் ஐவர் வேண்டுமே! இந்தி பேசும் ஊரில் தமிழை அடுப்பங்கரைக்கு ஒதுக்கிய நாம், சுவீடிஷ் பேசும் ஊரில் அதை எங்கே வைப்போம்?

ஆதலின் பயணம் உறுதியான வீட்டார் குழந்தைகளை வரும் ஞாயிறு முதலே நம் சங்க வகுப்புக்கு அனுப்புக. காலை 10 மணி. பலகையும் சுண்ணக்கட்டியும் நாம் தருகிறோம்.