ரசிகர் புனைவின் குறைகளும் குறைகேட்கும் பக்குவமும்

பிறர் படைத்த கதைமாந்தர்மேல் பற்றுக்கொண்ட வாசகர், அவர்களை வைத்துத் தாமே எழுதும் கதைக்கு ரசிகர் புனைவு என்று பெயர். அதன் இன்றைய வடிவம் 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரின் அமெரிக்க ரசிகர்களிடையே வேர்விட்டது. 1967இல் வெளிவந்த 'ஸ்பாக்கனேலியா', அத்தொடருக்கென்றே தோன்றிய முதல் ரசிகர் சிற்றிதழ். தட்டச்சு செய்து படியெடுத்து அஞ்சலில் அனுப்பிய அந்த இதழ்களின் இடத்தில் இப்போது இணையக் களஞ்சியங்கள் இருக்கின்றன. 2009இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்ற களஞ்சியம் 2019இல் அறிவியல் புனைவுலகின் பெரும் பரிசான ஹியூகோ விருதைப் பெற்றது. அதன்பிறகும் ஒரு குற்றச்சாட்டு ஓயவில்லை: ரசிகர் புனைவில் பெரும்பகுதி படிக்கத் தகாதது.

குற்றச்சாட்டில் பாதி உண்மை. ஆனால் குறை எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகக் காட்டவேண்டும். கடன் வாங்கியதில் குறை இல்லை. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று நூல்களை வகுத்துக் காட்டிய தமிழ் இலக்கணம், பிறர் நூலின் வழியில் எழுதுவதைத் தாழ்வாக வைக்கவில்லை. அகலிகையின் கதையை எடுத்துக்கொண்டுதான் புதுமைப்பித்தன் 1943இல் 'சாப விமோசன'த்தை எழுதினார். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' முடிந்த இடத்திலிருந்துதான் விக்கிரமனின் 'நந்திபுரத்து நாயகி' தொடங்குகிறது. எடுத்ததை என்ன செய்தார்கள் என்பதே கேள்வி.

வாசகர் முதலில் முகம் சுளிப்பது மொழிப் பிழைக்கு. பத்தி பிரிக்காமல் பக்கம் பக்கமாக ஓடும் எழுத்து, யார் பேசுகிறார் என்று தெரியாத உரையாடல், ஒரே காட்சிக்குள் ஒருவர் மனத்திலிருந்து இன்னொருவர் மனத்துக்குத் தாவும் பார்வை, நடுக்காட்சியில் கதையை நிறுத்திவிட்டு அடைப்புக்குறிக்குள் வாசகரிடம் பேசும் ஆசிரியர் ஆகியவை எல்லாம் இந்த வகையில் சேரும். கதைச்சுருக்கம் எழுதவேண்டிய இடத்தில் 'எனக்குச் சுருக்கம் எழுத வராது, உள்ளே வந்து படியுங்கள்' என்று போடுவதும் அப்படித்தான். வாசலிலேயே வாசகரைத் திருப்பி அனுப்பும் வேலை அது. இவையெல்லாம் கவனக்குறைவால் வருபவை. ஒரு முறை உரக்கப் படித்துப் பார்த்தாலே பாதி நீங்கிவிடும்.

பெரிய குறை பாத்திரத்தில் இருக்கிறது. 'ஸ்டார் ட்ரெக்'கில் உணர்ச்சியை வெளிக்காட்டாத ஸ்பாக், காரணமே இல்லாமல் கண்ணீர் வடித்தால் அவன் ஸ்பாக் அல்லன். அவனுடைய பெயரைப் போட்டுக்கொண்ட வேறொருவன். பாத்திரம் மாறக்கூடாது என்பதல்ல இதன் பொருள். புதுமைப்பித்தனின் அகலிகை கதையின் முடிவில் மறுபடியும் கல்லாகிறாள். வழக்கமான இராமாயணக் கதையில் இல்லாத முடிவு அது. ஆனால் சீதை சொல்லும் தீக்குளிப்புச் செய்தி அவளை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது, வாசகர் ஏற்கிறார். வழி காட்டாமல் நேரும் மாற்றத்தைத்தான் வாசகர் ஏற்பதில்லை.

இந்தக் குறையின் புகழ்பெற்ற வடிவத்துக்கு 1973இல் ஒரு பெயர் கிடைத்தது. பவுலா ஸ்மித் என்ற அமெரிக்க ரசிகை, 'மெனாஜெரி' என்ற சிற்றிதழில் 'எ ட்ரெக்கீஸ் டேல்' என்ற மிகச் சிறிய பகடிக்கதையை எழுதினார். அதன் நாயகி லெப்டினென்ட் மேரி சூ. வயது பதினைந்தரை. விண்கப்பல் படையிலேயே இளைய அதிகாரி. கப்பலின் தலைவர் கண்டதும் காதல் கொள்கிறார், கப்பலை அவளே ஓட்டுகிறாள், எல்லாரையும் காப்பாற்றுகிறாள், அவள் இறக்கும்போது கப்பலே அழுகிறது. அப்போது சிற்றிதழ்களுக்கு வந்து குவிந்த கதைகளில் எழுதியவரே தம்மைக் குறையொன்றும் இல்லாத நாயகியாக நுழைத்துக்கொள்ளும் பழக்கம் மிகுந்திருந்தது. அதைச் சுட்டவே இந்தப் பகடி பிறந்தது. அத்தகைய நாயகி வந்ததும் பழைய பாத்திரங்கள் அவளைப் பாராட்டுவதற்கென்றே நிற்பவர்களாகிவிடுகிறார்கள். வாசகர் தேடி வந்ததோ அந்தப் பழைய பாத்திரங்களை.

இங்கேதான் விமரிசனத்தின் ஆபத்தும் வெளிப்படுகிறது. கருவியாகப் பிறந்த பெயர் ஆயுதமாக மாறிற்று. திறமையுள்ள எந்தப் பெண்பாத்திரத்தையும் 'மேரி சூ' என்று தள்ளிவிடும் வழக்கம் பரவியது. அந்தப் பழிக்கு அஞ்சிப் பெண்பாத்திரங்களை எழுதவே தயங்கியவர்கள் இருந்ததை, இந்த எழுத்தாளர் சமூகத்தை ஆராய்ந்த கமில் பேகன்-ஸ்மித் 1992இல் வெளிவந்த தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். ஒரு சொல்லால் கதையை மூடிவைப்பது விமரிசனம் ஆகாது. எந்தக் காட்சியில், எதனால் அந்தப் பாத்திரம் நம்பமுடியாததாகிறது என்று காட்டுவதே விமரிசனம்.

களப்பிழை அடுத்தது. ஹாரி பாட்டர் ரசிகர் புனைவுகளை எழுதிய அமெரிக்கர் பலர், ஸ்காட்லாந்தில் இருக்கும் ஹாக்வார்ட்ஸ் பள்ளிக்குத் தம் ஊர்ப் பள்ளியின் பழக்கங்களையும் பேச்சையும் ஏற்றிவிட்டார்கள். அதைத் திருத்த ரசிகர்களே ஒரு முறையை உண்டாக்கினார்கள். பிரிட்டிஷ் வாசகர் ஒருவர் கதையை முன்கூட்டியே படித்து, ஆங்கில நாட்டுப் பிள்ளை இப்படிப் பேசாது, இதை உண்ணாது என்று குறித்துக் கொடுப்பார். 'பிரிட்-பிக்கிங்' என்று அதற்குப் பெயர். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதில் வெட்கம் இல்லை என்பதை இந்த ரசிகர்கள் செய்து காட்டினார்கள்.

இலக்கண நூலான நன்னூல், ஒரு நூலில் வரக்கூடாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறது. அவற்றுள் 'கூறியது கூறல்', மூலக் கதையின் காட்சிகளை அப்படியே திருப்பி எழுதுவோருக்குப் பொருந்தும். கண்ணின் நிறத்தை மூன்று பத்திக்கு வருணிப்பவருக்கு 'மிகைபடக் கூறல்' பொருந்தும். 'சென்று தேய்ந்து இறுதல்' இத்துறைக்கென்றே வகுத்ததுபோல் இருக்கிறது. பெருவேகத்தில் தொடங்கி, அத்தியாயம் குறுகி, ஒரு நாள் சொல்லாமலே நின்றுபோன தொடர்கதைகள் எல்லாக் களஞ்சியங்களிலும் கிடக்கின்றன. எழுதுவது ஊதியமில்லாத வேலை. தேர்வும் குடும்பமும் குறுக்கிடும். நின்றதற்காக யாரையும் பழிக்க முடியாது. நிறுத்திவிட்டோம் என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதும்.

இவ்வளவு குறை உள்ள துறையில் விமரிசனம் எளிதாகப் பயன்படுவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. சொந்தக் கதையில் ஒரு பாத்திரம் சரியில்லை என்றால், 'என் பாத்திரம் அப்படித்தான்' என்று எழுதியவர் சொல்லிவிடலாம். ரசிகர் புனைவில் எழுதியவரும் படித்தவரும் ஒரே மூலத்தை அறிந்தவர்கள். குறையை மூலத்தோடு ஒப்பிட்டுக் காட்டலாம். ஒப்பிட்டு மறுக்கவும் செய்யலாம். பொதுவான ஓர் அளவுகோல் இருவர் கையிலும் இருக்கிறது.

அந்த அளவுகோலைக் கதை வெளிவருமுன் பயன்படுத்துபவர் 'பீட்டா ரீடர்' எனப்படும் முன்வாசகர். எழுத்துப்பிழை முதல் கதையோட்டம் வரை பார்த்து, எழுதியவரிடம் தனியாகச் சொல்வது அவர் பணி. பலர் பார்க்கச் சுட்டப்படும் பிழை புண்படுத்துகிறது. தனியாகச் சொல்லப்படும் அதே பிழை திருத்தமாகிறது. ரசிகர் எழுத்துலகம் கண்டுபிடித்த மிகச் சிறந்த ஏற்பாடு இதுதான்.

வெளிவந்தபின் வரும் கருத்துகளுக்கும் மதிப்பு உண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் செசிலியா அரகனும் கேட்டி டேவிஸும் ரசிகர் புனைவுகளையும் அவற்றுக்கு வந்த வாசகர் குறிப்புகளையும் ஆராய்ந்து 2019இல் நூலாக்கினார்கள். ஏறத்தாழ 650 குறிப்புகளைப் பெற்ற எழுத்தாளரின் சொல்வளம், வயது ஓராண்டு கூடினால் வளரும் அளவுக்கு வளர்ந்திருந்தது. குறிப்புகளில் பல சிறு ஊக்கச் சொற்கள். பகைமையோடு எழுதியவை மிகச் சொற்பம். விமரிசனத்துக்கு அஞ்சுபவர் நினைக்கும் அளவுக்கு வாசகர் கொடியவர் அல்லர்.

ஆனாலும் 'இலவசமாகத்தானே எழுதுகிறேன், பிடிக்காவிட்டால் படிக்காதீர்கள்' என்ற மறுமொழி பரவலாக இருக்கிறது. கருத்து வேண்டாம் என்று முன்னுரையில் எழுதி வைக்க ஆசிரியருக்கு உரிமை உண்டு. அதை வாசகர் மதிக்கவேண்டும். எழுதுபவரில் பலர் பள்ளி, கல்லூரிப் பருவத்தினர் என்பதையும் மறக்கக்கூடாது. ஆனால் கதையை வெளிப்படையாக வைத்துக் கருத்தும் கேட்டபின் பாராட்டு மட்டுமே வேண்டும் என்பது நேர்மையில்லை. வந்த குறையை அன்றே மறுக்காமல் சில நாள் கழித்துப் படிப்பது நல்லது. மொழிப்பிழை என்றால் திருத்திவிடலாம். பாத்திரப்பிழை என்றால் மூலத்தைத் திறந்து பார்க்கவேண்டும். வாசகர் சொன்னது சரியில்லை என்றும் தெரியவரலாம். சுவை வேறுபாடு என்றால் நன்றி சொல்லிவிட்டுத் தம் வழியில் எழுதலாம். சொன்ன எல்லாவற்றுக்கும் வளைந்து கொடுப்பவரின் கதை இறுதியில் யாருடையதும் ஆகாது.

தமிழிலும் தொலைக்காட்சித் தொடர்களின் நாயகன் நாயகியை வைத்து இளையோர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பாராட்டோ பழிப்போ கிடைக்கிறது. திருத்தித் தருபவர் இல்லை. நூலை அவையில் அரங்கேற்றிக் குறைகேட்ட மரபு தமிழுக்கு உண்டு. இலக்கிய அமைப்புகளும் ஊர் நூலகங்களின் வாசகர் வட்டங்களும் தம் கூட்டங்களில் இந்த எழுத்துக்கும் இடம் ஒதுக்கவேண்டும். ஆளுக்கு ஒரு கதையை வெளிவருமுன் வாங்கிப் படித்து, வரி வரியாகக் குறித்துத் திருப்பிக் கொடுக்க மூத்த வாசகர் முன்வரவேண்டும்.