தார் ரோட்டின் விறைப்பு



தோட்டத்து மண் பாதை பெரிய ரோட்டில் ஏறும் முனையைப் பாருங்கள். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் நின்று நின்று திரும்பும் அந்த இடத்தில் சக்கரத் தடம் பள்ளமாகப் பதிந்திருக்கும். மழைநீர் அதில் தேங்கும். பிள்ளையை மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கு ஏற்றிப்போகும் தகப்பனாருக்கு அது ஆபத்து. ஆனால் அதே லோரிகள் வேகமாக ஓடும் இடத்தில் அவ்வளவு பள்ளம் இராது. ஏன்?

தார் முழுக்கக் கெட்டிப் பொருளும் அன்று, நீர்ப்பொருளும் அன்று. சட்டென்று அழுத்தினால் விறைத்து நிற்கும். நெடுநேரம் அழுத்தினால் இளகிக் கொடுக்கும். சூடு ஏறினாலும் இளகும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு தார்க்கலவைக்கு இருக்கும் விறைப்பு, 40 டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடலாம். நம் நாட்டு நண்பகலில் ரோட்டின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டுவதுண்டு.

இதை அளக்கும் பழைய முறை எளியது. தாரை 25 டிகிரியில் வைத்து, 100 கிராம் பாரமுள்ள ஊசியை அதன்மேல் 5 வினாடி இறங்க விடுவார்கள். 6 முதல் 7 மில்லிமீட்டர் வரை இறங்கினால் அது 60/70 தரம். 8 முதல் 10 வரை இறங்கினால் 80/100; இது இன்னும் இளக்கமானது.

ஆனால் ரோட்டில் இருப்பது தார் மட்டுமா? கல்லும் மணலும் சேர்ந்த கலவையல்லவா? அதனால் ரோட்டைத் துளைத்து, டின்பால் டப்பா போன்ற உருளைத் துண்டை எடுப்பார்கள். அதைப் படுக்க வைத்து, மேலிருந்து ஒரு கண அழுத்தம் கொடுப்பார்கள். விசை ஏறும் நேரம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு வினாடிதான். ஓடும் சக்கரம் கடப்பது போல. துண்டு பக்கவாட்டில் எவ்வளவு பிதுங்குகிறது என்று கருவி பார்க்கும். அது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான்! பிதுக்கம் குறைந்தால் விறைப்பு அதிகம்.

குளிர்நாடுகளில் இச்சோதனையை 20 டிகிரியில் செய்வது வழக்கம். நம் வெயிலுக்கு அந்த ஓர் எண் போதாது என்பது என் எண்ணம். 40 டிகிரியிலும் பார்க்க வேண்டும். அதற்காக விறைப்பைக் கூட்டிக்கொண்டே போகவும் கூடாது. மிக விறைத்த மெல்லிய தளம், அடிமண் நெகிழ்ந்தால் வெடித்துவிடும்.

மலேசிய ரப்பர் வாரியமும் பொதுப்பணித் துறையும் அண்மை ஆண்டுகளில் ஒரு வழி கண்டிருக்கின்றன. மரத்தடி மங்கில் உறையும் கட்டிப்பாலைத் தாரில் கலந்து ரோடு போட்டிருக்கிறார்கள். அந்தத் தார் வெயிலில் எளிதில் இளகுவதில்லை. சோதனை ஊசியும் அதில் முன்போல் ஆழமாக இறங்குவதில்லை.